துண்டு போட்ட நாற்காலி

—இந்தியா கேட் வாணாம். முடிவா சொல்லிட்டேன். ஊர்ல கலியன் வூட்டு ஹால்லயே இந்தியா கேட் முன்னாடி நின்ன போட்டோ தொங்குது. ஆடு விக்கிற பய. ரெண்டு நாள் டூர் வந்தவனுக்கும், இருபத்தெட்டு வருசம் டெல்லில சர்வீஸ் போட்ட எனக்கும் ஒரே பேக்ரவுண்டா?

—அச்சா, அப்ப பார்லிமெண்ட் அங்கிள்? தூரத்துல இருந்து... மத்லப், பின்னாடி ரவுண்டா தெரியற மாதிரி?

—அங்க கேமராவ வெளிய எடுத்தாலே புடிச்சு உக்கார வெச்சுடுவான். உங்கப்பா பெரியண்ணன் இருந்தா இதெல்லாம் சொல்லாமலே புரிஞ்சுப்பாரு. ஸ்டூடியோ வெச்சிருக்கற மனுசன் வரலாம்ல. பொண்ண அனுப்பி வெச்சிருக்காரு.

—பப்பாக்கு கண்ணு ஆபரேஷன். இப்ப கல்யாண ஆர்டர் எல்லாம் நான்தான் எடுக்கறேன். கோல் மார்க்கெட்ல யாரை வேணா கேளுங்க, சிந்துன்னா தெரியும்.

—கல்யாணம் வேற. இது எலக்ஷன். பஞ்சாயத்துத் தலைவர் எலக்ஷன். பஸ் ஸ்டாண்டுல பதினாறடி ஃப்ளெக்ஸ்ல நிக்கப்போற மூஞ்சி இது. 'டெல்லி புகழ் ராஜவேல்'னு பேரு போடறான் எங்க தம்பி.

—பதினாறடில உன் மூஞ்சியா? ஊர்ல புள்ளைங்க பஸ்ஸுக்கே வராதேய்யா.

—ஏ வடிவு, நாலு பேர் எதிர்ல நீங்க வாங்கன்னு பேசு.

—நாலு பேரு எங்க? இந்தப் பாப்பா ஒண்ணு, நான் ஒண்ணு. மிச்சம் ரெண்டு பேரு உன் கோட்டுக்குள்ள இருக்கறாங்களா? இருப்பாங்க, எடம் இருக்குதே.

—இது எங்க ஆபீஸ் சாப் குடுத்த கோட்டு. லண்டன்ல தெச்சது.

—தெச்சது அவருக்கு. கை ரெண்டும் உள்ளயே பூட்டுதே, மொண்டி மாதிரி.

—ஆன்ட்டி, கையை நான் மடிச்சு பின் பண்ணிடறேன். அங்கிள், இங்கயே எடுத்தா என்ன? உங்க குவார்ட்டர்ஸ் வாசல்ல லைட் நல்லா இருக்கு. மரம் இருக்கு.

—உனக்கு மரம் தெரியுது. எனக்கு அந்தக் கொடில காயற லுங்கி தெரியுது. சுவரப் பாரு, சுண்ணாம்பு செதில் செதிலா வருது. இதப் பாத்தா ஊர்ல என்னா கேப்பான்? ஆபீசர் வூடு இதானாடான்னு கேப்பான்.

—ஆபீசரா? அங்கிள், நீங்க வந்து...

—சொல்லு பாப்பா, ஏன் முழுங்கற? பியூனு. ஊர்ல மட்டும் ஆபீசரு. விக்கிரவாண்டி தாண்டினா பதவி தானா ஏறிடும் அவருக்கு.

—பியூன் இல்லடி. ஜமேதார். பிரமோஷன் வந்து நாலு வருசம் ஆவுது.

—ஆமா. பியூனுன்னா மணி அடிச்சா ஓடணும். ஜமேதாருன்னா மணி அடிச்சா கோட்டு பட்டனப் போட்டுகினு ஓடணும்.

—நீ பேசுவ. நாலு வூட்டுல சட்டி கிண்டறவளுக்கு சர்க்கார் உத்தியோகம் பத்தி என்னா தெரியும்? பாப்பா, நீயே கேளு. செவ்வாக்கிழமையோட ரிட்டயர்மெண்ட். அப்புறம் இந்தக் குவார்ட்டர்ஸ காலி பண்ணணும். ஊருக்குத்தான் போயாகணும், வேற போக்கு இல்ல. ஊர்ல அம்மாம் பேரும் நான் கார்ல வந்து எறங்குவேன்னு நெனச்சுகினு இருக்கான். ஜெனரல் கம்பார்ட்மெண்ட்ல மூட்டையோட எறங்கினா? எங்கடா ஆபீசரு, எங்கடா காருன்னு காறித் துப்புவான். தலைவரா போய் எறங்கினா எவனும் எதுவும் கேக்க மாட்டான். அவ்வளவுதான் விசயம்.

—அதுக்குத்தான் போட்டோவா?

—அதுக்குத்தான். ஓட்டர் லிஸ்ட்ல என் பேரு, இவ பேரு ரெண்டையும் ஊரவுட்டு எடுக்காமலே வெச்சிருக்கேன், எத்தன வருசமா! எல்லாம் ரெடி. ஒரு போட்டோ பாக்கி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீ இன்டர்நெட்ல அனுப்பிட்டா, திண்டிவனத்துல நாளைக்கே பிரிண்ட் போட்டுடுவான்.

—அனுப்பிடலாம். பக்கா. எடம்தான் சொல்லணும். ஆன்ட்டி, நீங்களும் கூட நில்லுங்களேன். ஃபேமிலி போட்டோன்னா லேடீஸ் ஓட்டு எல்லாம் வரும்.

—யாரு, இவளையா? பதினாறடில இவ கை வெடிப்பு அம்மாமும் பொளந்துகினு தெரியும். வாணாம் தாயி. அவ பை தூக்கிகினு வரட்டும். அது போதும்.

—கேட்டுக்கினியா பாப்பா? இந்தக் கையில ஆக்கிப்போட்டத தின்னுட்டுத்தான் இந்த வாயி பேசுது. சரி நகரு, இந்தத் துண்ட மடிச்சுட்டு வரேன்.

—இது என்ன ஆன்ட்டி, இவ்ளோ வெள்ளையா? டவலா?

—சாப் நாற்காலித் துண்டு. பெரிய ஆபீசருங்க நாற்காலி முதுகுல போடுவாங்க. துண்டு இருந்தா ஆபீசரு, இல்லாட்டி கிளார்க்கு. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம இவரு வூட்டுக்கு எடுத்தாந்துடுவாரு. நான் நீலம் போட்டு, கஞ்சி போட்டு குடுக்கணும். ஒம்போது சாப்புங்க மாறிட்டாங்க. தோய்க்கறவ மாறல.

—வளவளன்னு பேசாம அதையும் பையில வையி. போற வழில ஆபீஸ்ல வெச்சுடறேன். மொதல்ல சாணக்யபுரி போலாம். அங்கதான் பில்டிங் எல்லாம் ராஜா மாதிரி இருக்கும். பாப்பா, ஜல்தி, ஆட்டோ புடி.

*

—இங்க. இதான். பாத்தியா, எப்படி நிக்குதுன்னு! வெள்ள வெளேர்னு, புல்லு, கேட்டு, கொடிக்கம்பம். நான் கேட்டுல இருந்து வெளிய வர மாதிரி நடந்து வரேன். கையில ஃபைல். யோசனையா வருவேன். நீ எடு.

—அங்கிள், அந்தக் கொடி...

—பறக்கட்டும், பறக்கட்டும். கம்பீரமா இருக்கும்.

—அது நம்ம கொடி இல்ல அங்கிள். இது எம்பசி. எந்த கன்ட்ரின்னு எனக்கும் தெரியல.

—ஏய்யா, பஞ்சாயத்துக்கு நிக்கறியா, பட்டாளத்தோட போயி வேற நாட்டப் புடிக்கப் போறியா?

—ஊர்ல எவனுக்குத் தெரியும்? அந்தப் பட்டிக்காட்டானுங்க கொடின்னா கொடின்னு பாத்துட்டுப் போவானுங்க. மூளையா இருக்குது அவனுங்களுக்கு?

—அந்த மூளையில்லாதவனுங்க ஓட்டுதான்யா உனக்கு வேணும்.

—ஓட்டு வேணும். அதுக்காக அவனுங்கள மனுசனா மதிக்கணுமா?

—அங்கிள், கார்டு வரான்.

—வரட்டும். நீ பயப்படாத. இந்த மாதிரி எத்தன கார்டப் பாத்திருப்பேன். நான் பேசற விதத்துல பேசினா சலாம் வெப்பான். பையா, ஹம் சர்க்காரி ஆத்மி... ஏக் போட்டோ... அச்சா. அச்சா பையா. ஜீ. ஜீ சாப்.

—இன்னா சொன்னான்?

—சாயங்காலம் வாங்கன்றான். இப்ப உள்ள மீட்டிங்காம்.

—அங்கிள், அவன் 'பாகோ'ன்னான். மத்லப், ஓடுன்னு...

—எனக்கு அந்த இந்தி தெரியும் பாப்பா. வந்த நாளா அத ஒண்ணுதான் தெளிவா சொல்லிக் குடுத்திருக்காங்க. வா, நடக்கலாம். உங்க அங்கிள் முன்னாடியே நடந்துட்டாரு பாரு, எம்மாம் வேகம்! ஆபீசர் நடை.

—கிண்டல் பண்ணாதடி. வெயில் ஏறுது. ஒரு எடம் அமையல, உனக்கு சிரிப்பு.

—எப்படி அமையும்? உனக்கு சம்பந்தமில்லாத எடமா தேடித் தேடி நிக்கற. எல்லா எடமும் உன்னத் தொரத்துது.

—அங்கிள், ஒண்ணு சொல்லட்டுமா? அந்த டவல் நாற்காலி... அதுலயே உக்காந்து எடுத்தா? இன்னிக்கு சனிக்கிழமை, ஆபீஸ் லீவு.

—சாப் நாற்காலிலயா? தூ, தூ. என்னா பேச்சு இது.

—ஏன், சாவி உங்கிட்டதான இருக்குது? தெனம் காலைல நீதான தொறந்து தொடைக்கற?

—சாவி இருக்கு. செவ்வாக்கிழம ஒப்படைக்கணும்.

—அப்ப இன்னிக்கு வுட்டா அந்த நாற்காலி உனக்கு எந்த ஜென்மத்துலயும் இல்ல.

—...சாப் டூர்லதான் இருக்காரு. வாசல்ல இருக்கறவன் நம்ம ஆளு, தெனம் டீ வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா கேமராவ உள்ள வுட மாட்டான்.

—தூக்குப் பையில, துண்டுக்கு அடியில வெச்சுட்டா?

—ம். வெக்கலாம். வடிவு, பை உங்கிட்ட இருக்கட்டும். புடிச்சா உன்னப் புடிக்கட்டும்.

*

—அப்பாடா. உள்ள வாங்க. செருப்ப வெளிய வுடு வடிவு, கார்பெட்டு. வாசல்ல அவன் பையில என்னான்னு கேட்டதுக்கு என்னா சொன்ன?

—புருசனுக்கு பூரின்னேன். ரிட்டயர் ஆவறாரு, ஒரு நாளாச்சும் ஏ.சி.ல தின்னட்டும்னேன். பாவம்னு வுட்டுட்டான்.

—வாவ் அங்கிள்! ரூம் சூப்பரா இருக்கு. பெரிய டேபிள், பின்னாடி மேப். இதையே மொதல்ல சொல்லி இருக்கலாம்ல? உக்காருங்க, ஜல்தி எடுத்துடலாம்.

—இரு, இரு. துண்ட மாத்திடறேன். இந்த முனையும் அந்த முனையும் சமமா இருக்கணும். டேபிள ஒரு தட்டு தட்டிடறேன். பேனா ஸ்டாண்டு இந்தாண்ட. தண்ணி கிளாஸு மூடி போட்டு இங்க...

—யாருக்குய்யா தண்ணி?

—பழக்கம்டி.

—உக்காரு.

—உக்கார்றேன். நீ என்னா அவசரப்படுத்தற. ம்... உக்காந்துட்டேன்.

—அங்கிள், கொஞ்சம் பின்னாடி.

—பின்னாடிதான் இருக்கேன்.

—இல்ல அங்கிள், நுனில இருக்கீங்க. ட்ரெயின்ல டிக்கெட் இல்லாதவங்க உக்கார மாதிரி இருக்கு. நல்லா சாயுங்க.

—சாஞ்சா துண்டு கசங்கும் பாப்பா.

—கசங்கினா தோய்க்கப் போறது நான்தான. சாயுய்யா! முதுகு ஒடிஞ்சா பூடும்?

—வடிவு, நீ மொதல்ல அங்க இருந்து நவுரு. டேபிள் கண்ணாடில உன் நெழல் வுழுது. கதவாண்ட போய் நில்லு. தப்பித் தவறி போட்டோல வந்து தொலைக்காத.

—போயிட்டேன் சாமி.

—அங்கிள், சிரிக்க வேணாம். சும்மா பாருங்க. மத்லப், நீங்க பாஸ். எதிர்ல நிக்கறவன் உங்களுக்கு வேல செய்யறவன். அந்த மாதிரி பாருங்க.

—எதிர்ல நீதான நிக்கற.

—என்னைத்தான் பாருங்க.

—...கை எங்க வெக்கறது?

—டேபிள் மேல, சாதாரணமா. ஒரு கை ஃபைல் மேல, ஒரு கை இப்படி நீட்டி. இன்னும் நீட்டி... ஏக் மினிட்... ரெடி...

—ஜீ சாப்!

—அங்கிள்? அங்கிள், எங்க ஓடறீங்க?

—மணி... வெளிய மணி அடிச்சுதே.

—அடிச்சது நீதான்யா. உன் கைதான் டேபிள் பெல்லு மேல இருந்துச்சு.

—யாரோ வந்துட்டாங்கன்னு நெனச்சேன்.

—எவன் வருவான்? நாற்காலில உக்காந்து இருந்ததே நீதான். உன் மணிக்கு நீயே ஓடற. உலகத்துல எந்த ஆபீசரும் இப்படி ஓடி இருக்க மாட்டான்.

—சிரிக்காதடி.

—நான் சிரிக்கல. பாப்பாதான் சிரிக்குது.

—சாரி அங்கிள். சாரி. ஃபோட்டோ கிளிக் ஆயிடுச்சு, பாக்கறீங்களா? நாற்காலி, டவல், மேப் எல்லாம் ஷார்ப்பா இருக்கு. நீங்க மட்டும்தான் இல்ல.

—குடு பாக்கலாம். அட! உள்ளபடி இதான் சரியான போட்டோ. இதையே பதினாறடில போட்டு 'டெல்லி புகழ் ராஜவேல்'னு கீழ எழுதிடு.

—வாய மூடு. போன் அடிக்குது, ஊர்லேர்ந்து தம்பி. ...ஹலோ? அய்யாசாமி, எடுத்துகினே இருக்கோம்டா. சாப் ரூம்ல... ம்? என்னா லிஸ்ட்டு? ஒட்டிட்டானா? நம்ம பஞ்சாயத்தா? எவன்டா சொன்னான், நீ கண்ணால பாத்தியா? கண்ணாடி போட்டுகினு பாத்தியா? கலியன்கிட்டயும் கேட்டுட்டியா? ...என்னாது, அவன் பொண்டாட்டிய நிக்க வெக்கறானா? இன்னிக்கேவா? ...சரி. சரிடா. வையி.

—இன்னாவாம்? மூஞ்சி ஏன் இப்படிப் பூட்டுது?

—ஒண்ணும் இல்ல.

—ஒண்ணும் இல்லாததுக்கா வேர்த்து ஊத்துது? ஏ.சி. ரூம்ல?

—நம்ம பஞ்சாயத்த பெண்களுக்குன்னு ஒதுக்கிட்டானுங்க.

—மத்லப்? அப்படின்னா?

—மத்லப் என்னா மத்லப். ஆம்பள நிக்க முடியாது. இத்தன வருசமா பொதுவுலதான் இருந்துச்சு. இப்படிப் பண்ணுவானுங்கன்னு எவன் கண்டான்?

—அப்ப ஃப்ளெக்ஸ் வேணாமா அங்கிள்? நான் பேக் பண்ணிடவா?

—இரு. இருன்னேன்ல. ...ஏ வடிவு.

—இன்னா?

—இந்தாண்ட வா.

—மாட்டேன். கண்ணாடில நெழல் வுழும்.

—வாம்மா.

—அம்மாவா! பாப்பா, தேதி என்னா இன்னிக்கு? கல்யாணமாகி முப்பது வருசத்துல மொத தடவ.

—வெளையாடாத. உன் பேரு லிஸ்ட்ல இருக்கு. நீ நிக்கற. அவ்வளவுதான். கலியன் பொண்டாட்டியே நிக்கறா, உனக்கென்னா?

—நானா? சட்டி கிண்டறவளுக்கு சர்க்காரப் பத்தி இன்னா தெரியும்?

—உனக்கு எதுவும் தெரிய வாணாம். நீ பேருக்கு நில்லு. ஜெயிச்சா எல்லாம் நான் பாத்துப்பேன். நீ கையெழுத்து மட்டும் போடு, நாற்காலில நான் உக்காந்துப்பேன். எல்லா ஊர்லயும் அப்படித்தான் நடக்குது.

—நீ நாற்காலில உக்கார்றதத்தான் இப்ப பாத்தேனே.

—வடிவு, உன் காலப் புடிக்கறேன். போட்டோ இல்லாம, எலக்ஷன் இல்லாம, நான் எப்படி ஊர்ல போய் எறங்குவேன்? சொல்லு. அந்த ஆட்டுக்காரன் முன்னாடி எப்படி நடப்பேன்?

—ம். அத முன்னாடியே இப்படிச் சொல்லி இருந்தா, கெடக்குதுன்னு பூவு வெச்சுகினு வந்திருப்பேன். நவுரு.

—முந்தானைல கையை மூடிக்க. வெடிப்பு தெரியாது.

—மூட மாட்டேன். தெரியட்டும். பாப்பா, இப்படியா? கை ரெண்டும் மேலயே வெக்கறேன்.

—அரே, ஆன்ட்டி! எப்படி இவ்ளோ கரெக்டா சாஞ்சு உக்காந்தீங்க? நான் எதுவுமே சொல்லலியே!

—இருவது வருசமா நாலு மேம்சாப் வூட்டுல ஆக்கறேன் பாப்பா. எப்படி சாயணும், எப்படி ஆளப் பாக்காமலே பேசணும், உப்பு சரியா இருந்தாலும் எப்படி மூஞ்சியச் சுளிக்கணும், எல்லாம் பாடம். நாற்காலிதான் இல்லாம இருந்துச்சு.

—சரி சரி, நான் பின்னாடி நாற்காலி மேல கை வெச்சு நிக்கறேன். ஜனங்களுக்கு யாருன்னு புரியணும்ல? பாப்பா, நான் தெரியறேனா?

—அங்கிள், நீங்க மேப்பை மறைக்கறீங்க.

—நெழல் வுழுது. கதவாண்ட போ.

—வடிவு...

—உள்ள நின்னா கண்ணாடில தெரியும். வெளிய போயி கதவ சாத்து.

—இது என் ஆபீஸ்டி!

—செவ்வாக்கிழம வரைக்கும். சாத்து. ...பாப்பா, இப்ப எடு.

—எடுத்துட்டேன். பக்கா. இன்னொண்ணு... அந்தக் கண்ணு அப்படியே... ஹோ கயா, முடிஞ்சுது! ஆன்ட்டி, இத பாத்தா நானே பயந்து ஓட்டு போடுவேன். ஆன்ட்டி, கை பாத்து, அங்கதான் பெல்லு.

—தெரியும்.

—ஜீ மேடம்!

—உள்ள வா. ஒண்ணு கேக்கணும். பஞ்சாயத்து ஆபீஸ்ல தலைவர் நாற்காலிக்குத் துண்டு போடுவாங்களா?

—போடுவாங்க மேடம்... ச்சீ, போடுவாங்கடி. எதுக்குக் கேக்கற?

—வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம வூட்டுக்கு எடுத்தாந்துடு. நீலம் எம்மாம் போடணும், கஞ்சி எம்மாம் போடணும்னு ஒரு தடவ காட்டிக் குடுக்கறேன், அப்புறம் நீயே தோய்ச்சுப்ப.